ஜமாலின் நெய்ச்சோறும் பச்சைப் பூஞ்சையும்

1986இல் லாபிஸ் ரயில் நிலையத்துக்கு எதிரே ஜமால் திறந்த கடையில் ஒரே ஒரு சோறுதான் உண்டு: நெய்ச்சோறு. கோவிட் காலத்தில் கடையை மூடியபோது அவரிடம் மிஞ்சியது பாலோவுக்குப் பக்கத்தில் ஐந்து ஏக்கரில் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை. வெள்ளிக்கிழமை கடைக்கு விடுமுறை. அந்த மதியங்களில் அவரும் மனைவி மீரா பீவியும் தாங்களே குழி வெட்டி நட்ட மரங்கள் அவை.

இப்போது அவை சாய்கின்றன. அடிமரத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைத்தால், உள்ளே மரம் உளுத்துவிட்டது என்று பொருள். சாய்ந்த இடத்தில் வைத்த கன்றுகளையும் மண்ணில் தங்கியிருந்த பூஞ்சை விடவில்லை.

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் அஹ்னாஃப் சொல்லிவிட்டான்: “இன்னும் ஒரு வாட்டி நட்டுப் பாருங்க அத்தா. அதுவும் போச்சுன்னா நிலத்தை வித்துடலாம்.”

மகள் ஆப்ரின் குளுவாங்கில் ஒரு நாற்றங்காலில் வேலை செய்கிறாள். அவள் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவந்தாள். உள்ளே பச்சைப் பொடி. டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சை. சாய்ந்த மரத்தை அது காப்பாற்றாது. ஆனால் கன்று நடும் குழியில் கலந்தால், கெட்ட பூஞ்சை வேரை நெருங்காமல் தடுக்கலாம். அரைவேக்காட்டுச் சோற்றில் தூவிப் பையில் கட்டி வைத்தால் பெருகும்.

“சோத்தை எங்கிட்ட விடு. அதுல எனக்குப் பாடம் எடுக்காத லா,” என்றார் ஜமால்.

கடையின் பெரிய தேக்சாவை இறக்கிக் கழுவினார். தண்ணீர் கொதித்ததும் பழைய கூட்டமெல்லாம் திரும்பி வந்ததுபோல் இருந்தது. ரயிலை விட்டு இறங்கி ஓடிவருகிறவர்கள், பொட்டலம் கட்டச் சொல்லி அவசரப்படுத்தும் ரயில் கார்டு, சோறு தீர்ந்ததென்றால் கோபித்துக்கொள்ளும் எஸ்டேட் கணக்கெழுதும் கிராணி. கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டே கை தன் வேலையைச் செய்தது.

பொடி தூவிக் கட்டி வைத்த பைகள் நாட்கள் கழிந்தும் பச்சையாகவே இல்லை. சோறு வெளுப்பாக அப்படியே கிடந்தது. வார இறுதியில் வந்த ஆப்ரின் ஒரு பையைப் பிரித்து முகர்ந்தாள்.

“அத்தா, பட்டை கிராம்பு போட்டீங்களா?”

“சோறுன்னா போடாமயா?”

“பூஞ்சை வராம இருக்கத்தான் ஊறுகாய்ல கிராம்பு போடுவாங்க. நீங்க பூஞ்சைக்கே போட்டிருக்கீங்க.”

“அவர் கையை யாரால நிறுத்த முடியும்?” மீரா பீவி முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார். “நல்லவேளை, தால்ச்சா ஊத்தல.”

ஜமால் சிரிக்கவில்லை. பொட்டலத்தில் அடியில் கொஞ்சம்தான் பொடி இருந்தது. மறுபொட்டலம் வர ஒரு மாதமாகும். குழிகளோ வெட்டித் தயாராக இருந்தன.

மறுநாள் மீரா பீவி மசாலா டப்பாக்களைப் பக்கத்து வீட்டு ராஜம்மாவிடம் கொடுத்துவிட்டு அடுப்பருகே வந்து நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக ஜமால் வாசமில்லாத சோறு வடித்தார்.

“இதை யாருங்க சாப்பிடுவா?” என்றார் மீரா பீவி.

“சாப்பிடட்டும், பாப்போம்.”

மூன்றாம் நாள் பைகளில் வெள்ளை நூல் படர்ந்தது. ஒரு வாரத்தில் எல்லாம் பாசிபோல் பச்சையாகின. அது பாதிக் குழிகளுக்குத்தான் காணும். மற்றவற்றில் பூஞ்சை கலக்காமலே இப்போதே நட்டுவிடலாமா என்று ஆப்ரின் கேட்டாள். ஜமால் வேண்டாம் என்றார்.

வரும் சனிக்கிழமை பாதிக் கன்றுகள் மட்டும் இறங்குகின்றன. மீதி அடுத்த மாதம் வரை நாற்றங்காலிலேயே இருக்கும்.