நுமாஜிரியின் நாலு டிகிரி

குராமோச்சி ஹாட்ஸுயேவுக்கு அறவே பிடிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர் முன்னாள் கணவர். இன்னொருவர் த்ஸுகுபா ஆய்வுக்கூடத்தில் அவள் பிரிவுக்குத் தலைவராக உட்கார்ந்திருந்த நுமாஜிரி. கணவராவது தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்வார்.

பத்தொன்பது வருஷமாக அவள் கைவேலை கடோலினியம் என்ற வெள்ளி நிற உலோகத்தோடு. அதைப் பொடி மணிகளாக்கி ஒரு சக்கரத்தில் அடைப்பாள். சக்கரம் சுற்றி, உலோகம் காந்தத்துக்குள் நுழைந்ததும் சூடாகும். அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டு போய்விடும். காந்தத்தை விட்டு வெளியே வந்ததும் உலோகம் முன்னைவிடக் குளிர்ந்து கிடக்கும். அந்தக் குளிர் குழாய் வழியாகக் குளிர்சாதனப் பெட்டிக்குள் போகும். கம்ப்ரஸரும் இல்லை, கேஸும் இல்லை. இருபத்தைந்து டிகிரி அறையில் பெட்டியைப் பதினொன்றுக்கு இறக்கியிருந்தாள். அதற்கே எத்தனையோ சக்கரங்களைப் பிரித்து மாட்டியிருக்கிறாள்.

நுமாஜிரி விளம்பரத் தாளில் நாலு டிகிரி என்று அச்சடித்துவிட்டார்.

"தலைவரே, பதினொண்ணுதான் வருது."

"சக்கரத்த வேகமா சுத்த விடுங்க. தானா இறங்கும்."

"ரொம்ப வேகமா சுத்தினா சூடு வெளிய போக நேரமே இருக்காது. பெட்டி இன்னும் சூடாகும்."

"குராமோச்சி சான், நீங்க பட்டறை ஆளு. யோசிக்கறதுக்கு நாங்க இருக்கோம்."

"யோசிச்சு முடிச்சதும் சொல்லுங்க. காத்திருக்கேன்."

வேலையைத் தொடர விடலாமா என்று பார்க்க டோக்கியோவிலிருந்து அதிகாரிகள் வந்த அன்று பெட்டி நாலு டிகிரி காட்டியது. நுமாஜிரி புது டை கட்டிக்கொண்டு, காந்தத்தைத் தானே பெற்றெடுத்ததுபோலப் பேசினார். ஹாட்ஸுயே பெட்டியின் பின்பக்கத்தைத் தொட்டுப் பார்த்தாள். விஷயம் புரிந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். எவ்வளவு தூரம்தான் போவார், பார்க்கலாம் என்றிருந்தது.

வந்தவர்களில் இகாராஷி என்ற பெண் அதிகாரி, "சக்கரத்த நிறுத்துங்க. எவ்வளவு நேரத்துல சூடாகுதுன்னு பாக்கணும்" என்றாள்.

நிறுத்தினார்கள். இருபது நிமிஷம் ஆயிற்று. நாலு நாலாகவே நின்றது.

"நிறுத்தினாலும் குளிருதே. அப்ப சக்கரம் எதுக்கு?"

நுமாஜிரி டையைச் சரிசெய்துகொண்டார். "அது வந்து... காந்தத்தோட எச்சம்."

ஹாட்ஸுயே ஸ்க்ரூ டிரைவரை எடுத்துப் பின்தகட்டைக் கழற்றினாள். மீன் கடையில் சும்மா கொடுக்கிற ஐஸ் பைகள், நாலு.

"எச்சம் இதுதாங்க" என்றாள்.

பைகளை எறிந்து, பெட்டி அறைச் சூட்டுக்கு வரும்வரை திறந்து வைத்துவிட்டு, சக்கரத்தை அதன் வழக்கமான வேகத்தில் ஓட விட்டாள். ஒன்றரை மணி நேரம் எல்லோரும் நின்றபடியே பார்த்தார்கள். பதினொன்று வந்தது. இகாராஷி அதைக் குறித்துக்கொண்டு, "பொய் சொல்லாத பெட்டி" என்று மட்டும் சொன்னாள். வேலையை இன்னும் இரண்டு வருஷம் நடத்த அனுமதி வந்தது.

நுமாஜிரியை விளம்பரப் பிரிவுக்கு மாற்றினார்கள். பொருத்தமான இடம்தான். வழியனுப்பு மதிய விருந்தில், எல்லாமே நம் குழுவுக்காகத்தான் செய்தேன் என்று கண் கலங்கினார். எதிரே உட்கார்ந்திருந்த ஹாட்ஸுயே, சுட்ட விலாங்கு மீன் சோறு இரண்டு கிண்ணம் நிதானமாகச் சாப்பிட்டாள்; ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.