திரும்பி வந்த இருபத்தொரு மாத்திரைகள்

தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பவரை ஒரே நாளில் திட்டவும் செய்து கும்பிடவும் செய்தவள் எங்கள் தோட்டத்து லய வீடுகளில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அக்காவுக்கு மார்பில் வந்த புற்றுநோய் முதுகெலும்புக்கு இறங்கியிருந்தது. வலிக்கென்று கிளினிக்கில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு மாத்திரை கொடுத்தார்கள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இரண்டு வாரத்துக்கு இருபத்தெட்டு. அதற்கு மேல் ஒன்றுகூடக் கிடைக்காது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். நான் டயகமப் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிள்ளை மடுவத்தில் வேலை பார்க்கிறேன். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மாரின் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள விடிந்ததும் கிளம்பிவிடுவேன். வீடு திரும்பியதும், "மாத்திரை போட்டியா?" என்று கேட்பேன். "போட்டேன், போட்டேன்" என்பாள். ஆனால் வலி குறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். இது என்ன மருந்து என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, மாத்திரைப் பையைத் திறந்தால் காலி! "முடிஞ்சிருச்சு" என்றாள் அக்கா. இன்னும் எட்டு நாள் கிடக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பழைய மருந்துத் துண்டை எடுத்துக்கொண்டு டவுனுக்கு பஸ் ஏறினேன்.

நாங்கள் நானா என்று கூப்பிடும் பார்மசிக்காரர் துண்டைப் பார்த்ததுமே தலையாட்டினார். "ஏலாது தங்கச்சி. ராவு நியூஸ் பாக்கல்லியா? இந்த மாத்திரைய போதைக்கு விக்கிறாங்கன்னு பொலிஸ்காரங்க கட கடையா வந்து பாக்குறாங்க. புதுத் துண்டு இல்லாம தர மாட்டேன்."

"எங்கள பாத்தா போதைக்காரங்க மாதிரியா இருக்கு நானா?"

"உங்கள சொல்லல்ல. குடுக்குறதெல்லாம் புத்தகத்துல எழுதணும். பழைய துண்டுக்கு நான் என்னத்த எழுத?"

அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனாலும் திரும்பி வரும் வழி நெடுக அந்தச் செய்திக்காரரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எங்கேயோ எவனோ விற்றதற்கு என் அக்கா ஏன் துடிக்க வேண்டும்?

லயத்துக்கு வந்தால் எங்கள் வாசலில் ஏழெட்டுச் சோடிச் செருப்பு! எனக்கு உயிரே போய்விட்டது. விழுந்தடித்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அக்கா கட்டிலில் விழித்துக்கொண்டுதான் கிடந்தாள். சுற்றிலும் பக்கத்துக் காம்பராக்களில் குடியிருக்கும் பெண்கள் ஏழு பேர். ஒருத்தி கையில் நெருப்புப் பெட்டி, ஒருத்தி கையில் பேப்பர்ப் பொட்டலம், இன்னொருத்தி சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்ததைத் திருநீறோடு எடுத்து வந்திருந்தாள். எல்லாவற்றிலும் அதே பச்சை மஞ்சள் மாத்திரை.

"இந்தா, நீயே வச்சிக்க தாயி. டீவில காட்டுனது இதே கலருதான். பொலிஸ் வந்து நின்னா நாங்க என்னா செய்யிறது?" என்று கோடி வீட்டு மதினி பொட்டலத்தைக் கட்டிலில் போட்டாள்.

எங்கள் லயத்தில் சீனி, தேங்காய் மாதிரித்தான் ஆஸ்பத்திரி மாத்திரையும். இருக்கிறவள் கொடுப்பாள், இல்லாதவள் வாங்கிக்கொள்வாள். முதுகு வலி என்று வந்த ஏழு பேருக்கும் அக்கா ஆளுக்கு நாலு கொடுத்திருக்கிறாள். அவர்கள் ஆளுக்கு ஒன்று விழுங்கிவிட்டு, மிச்சத்தைக் கொழுந்து கூடுதலாக வரும் நாளைக்கென்று பத்திரப்படுத்தியிருந்தார்கள். அந்தச் செய்திக்காரரை மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டே எண்ணினேன். இருபத்தொன்று வந்திருந்தது. விழுங்கியது ஏழு. கூட்டிப் பார்த்தேன். சரியாக இருபத்தெட்டு.

"அப்ப நீ ஒண்ணுகூட போடலியா?"

அக்கா சாவகாசமாகச் சொன்னாள்: "அவளுக விடிஞ்சா பெரட்டுல பேர் குடுக்க நிக்கணும், மலையேறணும். நான் சும்மா படுத்துக் கெடக்கிறவதானே. எனக்கெதுக்குடி?"

"அடிப்பாவி, நெறைய இருக்குன்னு சொல்லித்தானே குடுத்த!" என்று மதினி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்கு அக்காவை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது.

மறுநாள் காலை இருபத்தொன்றையும் ஒரு தகர டப்பாவில் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன். எலி இழுத்துக்கொண்டு போய்விட்டது என்று ஒரு பொய்யை வழியில் தயார் செய்திருந்தேன். சிங்கள டாக்டரம்மா முன்னால் அது வாயில் வரவில்லை. எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில் நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இனிக் கிடையாது என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

திட்டுத்தான் விழுந்தது. இதை விழுங்கிவிட்டு மலைச் சரிவில் தலை சுற்றி விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்டார். படுத்திருப்பவளின் வலிதான் பெரிய வலி, அதற்குத்தான் இந்த மருந்து என்றார். டப்பாவில் இருந்ததை எண்ணிப் பதிந்து வாங்கிக்கொண்டார். பிறகு பேனாவைத் திறந்து புதுத் துண்டு எழுதினார். இனி ஒரு வாரத்துக்குத்தான் மருந்து, மாத்திரை தீர்ந்த வெறும் அட்டையைக் கொண்டுவந்து காட்டினால்தான் அடுத்தது! தினமும் வரச் சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். மருந்தை வாங்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

சாயங்காலம் கொழுந்து நிறுத்துக் கொடுத்த கையோடு ஏழு பேரும் நேரே எங்கள் காம்பராவுக்கு வந்துவிட்டார்கள். "எங்க கண்ணு முன்னாடி போடு" என்றாள் மதினி. அக்கா முறைத்துக்கொண்டே விழுங்கினாள். யாரும் நகரவில்லை. ஒரு மணி நேரம் போயிருக்கும். மாதக்கணக்கில் புரண்டு படுக்க முடியாதவள், மெல்லத் தானாகவே இடப்பக்கம் திரும்பினாள். திரும்பியவள் அப்படியே தூங்கிப்போனாள். கட்டில் அசைந்துவிடும் என்று ஒருத்தியும் அதில் உட்காரவில்லை. பகல் முழுக்க மலையில் நின்றவர்கள், நின்றபடியே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகு வலிக்கிறது என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை.