இரண்டு கடையில் ஒரு சோபா

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நடுவழியில் நின்றால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களைக் கதவுக்கு வெளியிலிருந்தே சிரிக்க வைத்தபடி இறக்கிவிடுவார். வீட்டில் மட்டும் எந்தச் சாமானையும் தூக்கிப்போட மனசு வராது. புது விண்டோஸ் கைவிரித்துவிட்ட பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு, அதில் கேம் விளையாடுவார்.

விளையாடுவார் என்பதுகூடத் தப்பு. ஓட வைப்பார். இணையத்தில் உள்ள கேம் கடைகள் எல்லாவற்றிலும் அவர் சேர்த்த கேம்களை ஒரே அலமாரியாகக் காட்டும் மென்பொருள் ஒன்று வைத்திருக்கிறார். விண்டோஸுக்காகச் செய்த கேமை லினக்ஸில் ஓட்ட என்னென்னவோ மாற்றிப் பார்ப்பார். ஓடிவிட்டால் முகமெல்லாம் பல். உடனே அதை மூடிவிட்டு அடுத்ததைப் பிடிப்பார்.

"அடுப்பைப் பத்த வச்சுட்டு சமைக்காமப் போற மாதிரி இருக்கு, மாமா."

"வாயாடி, மாடிக்குப் போ" என்பார். நான் குடியிருப்பது மேல்மாடியில்.

அக்கா நர்ஸ். அவளுக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்ததும் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. போனில் "சாப்பிட்டீங்களா", "ஆச்சு, நீ?" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். பக்கத்தில் இருந்து சண்டை போட்டே பழகிய ஜோடி, பாவம்.

அக்காவின் பிறந்தநாளுக்கு அவளோடு வேலை செய்பவர் ஒரு கேம் அனுப்பினார். இரண்டு பேர் சேர்ந்து ஒரு வீட்டின் சாமான்களை வெளியேற்ற வேண்டும். அதே கேம் மாமாவிடமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து விளையாடலாமா என்று அக்காவே கேட்டாள். அன்று சாயங்காலத்திலிருந்து அவளுக்கு ஒரு மாதம் நைட் ட்யூட்டி. அன்றைக்கு விட்டால் விட்டதுதான்.

மாமா குளிக்காமல்கூட உட்கார்ந்துவிட்டார். கேம் திறந்தது, சத்தம் வந்தது, படம் வரவில்லை.

"சத்தம் வருதுல்ல? உயிர் இருக்கு" என்று எதையோ பழைய பதிப்புக்கு மாற்றினார். படம் வந்தது. நாற்காலியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

இருவரும் சேர்வதற்காகக் கேமுக்குள் தான் திறந்த அறையின் எண்ணை அக்கா போனில் சொன்னாள். அடித்தார். அப்படி ஓர் அறையே இல்லை என்றது. மாமாவின் விரலை நம்பாமல் நானும் அடித்துப் பார்த்தேன். இல்லை.

மாமா தலையில் கை வைத்தார். "ஏம்மா, நீ எந்தக் கடை வழியாத் திறந்த?"

அக்கா சொன்னாள். மாமாவுடையது வேறு கடையில் சும்மா கிடைத்தது. எல்லாம் ஒரே அலமாரியில் தெரிந்ததால் எது எங்கே எடுத்தது என்பதையே மறந்துவிட்டார். அந்த கேமில் ஒரு கடை வழியாக வந்தவருக்கு இன்னொரு கடை வழியாக வந்தவர் தெரியவே மாட்டார்.

"பக்கத்துப் பக்கத்துல ரெண்டு லிஃப்ட். அவ அதுல, நான் இதுல."

"அக்கா கடையிலயே இன்னொண்ணு வாங்கிடுங்க, மாமா."

"நம்ம வீட்டு நெட்டுல அது இறங்குறதுக்குள்ள அவ ட்யூட்டிக்குப் போயிடுவா."

மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் சிரிக்க வைக்கும் மனிதர் தானே மாட்டிக்கொண்டு கீபோர்டை ஓரமாகத் தள்ளினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போனில் அக்கா எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். "என்னங்க, உங்க கடையிலயும் என்கிட்ட இது இருக்கு."

"உன்கிட்டயா? எப்படி?"

"நான் ஊருக்குக் கிளம்புறப்போ லேப்டாப்புல கணக்குத் திறந்து கொடுத்து, வாராவாரம் சும்மா கொடுக்கிற கேமை எடுத்து வைன்னு சொன்னீங்களே."

"வேற வேலை இல்லையான்னு திட்டினியே!"

"திட்டினேன். எடுக்க மாட்டேன்னா சொன்னேன்? ஒரு வாரம்கூட விடலை. எதையும் திறந்துதான் பார்க்கலை."

மாமா ஃபேனில் ஏதோ கோளாறு என்பதுபோல மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

அக்கா இருக்கும் இடத்தில் நெட் பறக்கும். நான் டீ போட்டுக் கொண்டுவருவதற்குள் இரண்டு குட்டி மனிதர்கள் ஒரு சோபாவின் இரண்டு பக்கமும் நின்றுகொண்டிருந்தார்கள்.

"இடது பக்கம் திருப்புங்க!"

"இடதுதான் திருப்புறேன்!"

"அது உங்க இடது! எனக்கு இல்ல!"

சோபா வாசலில் சிக்கிக்கொண்டது.

"நம்ம பீரோவை ஏத்தினப்பவும் இப்படித்தான் மசமசன்னு நின்னீங்க!"

"அன்னிக்கும் நீதான் கையை விட்ட!"

நான் மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு மாடி ஏறினேன். மாமா அந்த கேமை மூடவே இல்லை. அக்கா ட்யூட்டிக்குக் கிளம்பும்வரை இருவர் சத்தமும் என் வீடுவரை கேட்டது. அவள் ஊரிலிருந்து வந்துவிட்ட மாதிரியே இருந்தது.