ஏழாவது பட்டன்

என் அக்காவின் கணவர் லிப்ட் மெக்கானிக். அவர் கால் வைத்த கட்டிடம் எதிலும் லிப்ட் ஓடியதில்லை. ஓடினால் அவரை எதற்குக் கூப்பிடப் போகிறார்கள்? ஊரில் உள்ளவர்களையெல்லாம் அலுங்காமல் குலுங்காமல் மேலே அனுப்பிவைத்த மனிதர், காலமெல்லாம் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேறினார். இதை நான் எத்தனையோ முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அத்தானும் கூடச் சேர்ந்து சிரிப்பார். கோபப்படத் தெரியாதவர். அவர் பங்குக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. பெட்டி மாதிரிச் சதுரமான வண்டி. எஞ்சின் உயிரை விட்டபோது ஒரு பால் வேனின் எஞ்சினைத் தூக்கி அதில் வைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் ரிப்பேர் என்று விட்டிருக்கலாம். ஒரு பழைய ஓட்டலை இடித்தபோது, அங்கிருந்த லிப்டைப் பிரித்தெடுக்கும் வேலை அவருக்கு வந்தது. பிரித்த சாமான்களைக் கேட்டு வாங்கி வந்துவிட்டார். அந்த மழைக்காலம் முழுக்க வண்டி ஷெட்டை விட்டு வெளியே வரவில்லை. வந்தபோது உள்கூரையில் லிப்டின் குட்டி மின்விசிறி சுழன்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் ‘டிங்’ என்று மணி அடித்தது. முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காருபவரின் எதிரே ஒரு பித்தளைத் தகடு. அதில் வரிசையாக லிப்ட் பட்டன்கள். அழுத்தினால் உள்ளே மஞ்சளாக விளக்கு எரியும்.

பட்டன்களால் வண்டிக்கு எந்தப் பயனும் இல்லை. ஆனால் அந்த வீட்டில், பக்கத்து சீட்டுக்காரர் பட்டனை அழுத்தாமல் வண்டி கிளம்பாது. அது அத்தான் போட்ட சட்டம். ஒன்று மார்க்கெட். இரண்டு என் வீடு. மூன்று பள்ளிக்கூடம். நான்கு கடற்கரை. ஐந்து ஆஸ்பத்திரி, அதை யாரும் ஆசையாக அழுத்தியதில்லை. ஆறு ஐஸ்கிரீம் கடை. அது தேய்ந்தே போயிற்று. ஏழுக்கு வந்தபோது போக வேண்டிய இடங்கள் தீர்ந்துவிட்டன. அக்கா மகள் சின்னவளாக இருந்தபோது ஏழு எங்கே, ஏழு எங்கே என்று நச்சரித்தாள். அந்த மாடியை இன்னும் கட்டவில்லை என்று அத்தான் சொல்லிவைத்தார். கட்டி முடித்ததும் தனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும் என்று அவளும் பெரிய மனது பண்ணி விட்டுவிட்டாள்.

எனக்கு அந்த வண்டியில் போவது பிடிக்கும். வெளியே சொன்னதில்லை, இப்போது சொல்கிறேன். பொழுது சாய்கிற நேரத்தில் நான்கை அழுத்திவிட்டுக் கிளம்புவோம். தலைக்கு மேலே விசிறி முனகும். வெளியே வெளிச்சம் குறையக் குறைய, அந்த ஒரு பட்டன் மட்டும் மஞ்சளாக நிற்கும். வண்டி நின்ற இடத்திலேயே நிற்பது போலவும், கடைகளும் மரங்களும் மாடி மாடியாக எங்களைக் கடந்து போவது போலவும் இருக்கும். குழந்தை தூங்கிவிடுவாள். கடல் வந்ததும் ‘டிங்’ என்று கேட்கும். அவள் கண்ணைத் திறக்காமலே செருப்பைத் தேடுவாள்.

அவள் வளர்ந்து, வேலைக்கென்று வேறு ஊருக்குப் போனாள். அத்தானுக்குக் கண் போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். நேரே இருப்பது பளிச்சென்று தெரியும். ஓரங்கள் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தன. அவர் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது, இடப்பக்கம் வந்த சைக்கிள்காரர் அத்தானின் கணக்கில் இல்லவே இல்லை. அந்த மனிதர் காலை ஊன்றித் தப்பித்தது அவருடைய நல்ல நேரம். அக்கா பக்கத்து சீட்டிலிருந்து எல்லாவற்றையும் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் வண்டிச் சாவியை எடுத்துத் தலையணை உறைக்குள் போட்டுக்கொண்டாள். இனி வண்டி ஓட்டக் கூடாது என்றுதான் கண் டாக்டரும் சொன்னார்.

அதன்பிறகு அத்தான் தினமும் ஷெட்டுக்குப் போய் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருப்பார். அக்கா சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அவளுக்கு ஓட்டத் தெரியாது. எனக்கும் தெரியாது, எனக்கிருக்கும் கோபத்துக்குத் தெரியாமல் இருப்பதே தெருவுக்கு நல்லது. கடைசியில் அத்தானே வாயைத் திறந்தார்.

“நின்னுபோன லிப்ட் கெட்டுப்போகும் மாப்ள. வண்டியும் அப்படித்தான். ஓட்டுறவங்க கையில குடுத்துடலாம்.”

அக்கா மகளுக்கு நான்தான் போனில் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள், பட்டனைக் கழற்றிவிடுவார்களா என்று. அத்தான் மனதில் இருந்ததும் அதுதான். வண்டி போகட்டும், பட்டனோடு போகட்டும் என்று நினைத்தார். வாய்விட்டுக் கேட்கத்தான் கூச்சம். பைத்தியக்காரன் என்று நினைத்துவிடுவார்களே.

முதலில் வந்தவர் ஒரு பல் டாக்டர். பழைய கார்களைச் சேர்க்கிறவர். வண்டியைச் சுற்றிவந்து தட்டினார், குனிந்தார், கதவு இடுக்கில் டார்ச் அடித்தார். என் வாயைத் திறந்து பார்ப்பது போலவே இருந்தது எனக்கு. பட்டன்கள் எதற்கு என்று கேட்டார். ஒன்றும் செய்யாது, எரியும், அவ்வளவுதான் என்றார் அத்தான். அப்படியானால் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு வண்டியைப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று டாக்டர் சந்தோஷப்பட்டார். அத்தான் சிரித்த முகமாக அவரை வாசல்வரை கொண்டுவிட்டு, வண்டியை விற்பதாக இல்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கதவைச் சாத்தியது நான். கொஞ்சம் பலமாகவே சாத்தினேன்.

அடுத்து வந்தவள் நீச்சல் டீச்சர். நீச்சல்குளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். தலை இன்னும் ஈரம். மிதவைகளையும் பலகைகளையும் ஏற்றிக்கொண்டு குளம் குளமாகப் போக ஒரு வண்டி வேண்டும் என்றாள். உள்ளே உட்கார்ந்ததும் பித்தளைத் தகட்டைப் பார்த்துவிட்டு, அதே கேள்வியைக் கேட்டாள். அத்தானும் அதே பதிலைத்தான் சொன்னார். அவள் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். எல்லாம் எரிந்தன.

“எரியுதுல்ல சார், போதும். வேற என்ன செய்யணும்?” என்றாள்.

வேறு பேச்சே இல்லை. அவள் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டார். தலையணை உறைக்குள் இருந்த சாவியை அக்காவே எடுத்துக் கொடுத்தாள். இன்னொரு சாவி அத்தானின் சட்டைப் பையில் கிடந்தது எனக்குத் தெரியும். அதை அவர் எடுக்கவில்லை. பையின் மேலேயே கையை வைத்துக்கொண்டு நின்றார்.

வண்டியை எடுத்துப் போகும் மாலையில், கிளட்ச் ஒரு மாதிரி இருக்கும், ஒரு சுற்று கூடவே வந்து காட்டுகிறேன் என்றார் அத்தான். கிளட்சில் ஒரு கோளாறும் இல்லை. நானும் அக்காவும் பின்னால் ஏறிக்கொண்டோம். டீச்சர் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்தாள். அத்தான் தன் வண்டியில் முதன்முறையாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். கையைக் காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் முட்டியைப் பிடித்துக்கொண்டார்.

எஞ்சின் ஓடியது. விசிறி முனகியது. வண்டி மட்டும் நகரவில்லை. அவர் எதையோ காட்டித்தரப் போகிறார் என்று டீச்சர் காத்திருந்தாள். அவர் நேரே கண்ணாடி வழியாகப் பார்த்தபடி காத்திருந்தார். தெருவில் ஆட்கள் போனார்கள், வந்தார்கள். மனது மாறிவிட்டது, இறங்கச் சொல்லப் போகிறார் என்றே நான் நினைத்தேன். டீச்சரின் முகமும் வாடிவிட்டது.

“வேண்டாம்னா பரவாயில்ல சார். எனக்குப் புரியுது” என்றாள் மெதுவாக.

அத்தான் திகைத்துப்போய் அவளைப் பார்த்தார். அவர் எதற்காகக் காத்திருக்கிறார் என்பது அப்போது அக்காவுக்குத்தான் பிடிபட்டது. முன்னால் சாய்ந்து அவர் தோளில் கையை வைத்தாள்.

“என்னங்க, பக்கத்து சீட்ல உக்காந்திருக்கறது நீங்க. நீங்கதான் அழுத்தணும்.”

இத்தனை காலமும் அத்தான் எங்கே லிப்ட் நின்றதோ அங்கே ஓடினார், எந்தப் பட்டன் எரிந்ததோ அங்கே ஓட்டினார். அவருக்கு எங்கே போக வேண்டும் என்று அவரை யாரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அத்தான் கையை நீட்டினார். ஓரம் தெரியாததால் தகட்டின் விளிம்பைத் தடவிப் பிடித்து, தலையைத் திருப்பி ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே போனார். கடைசியில் ஏழை அழுத்தினார். தேயாத பட்டன், அதனால் மற்றவற்றைவிட நன்றாகவே எரிந்தது.

எந்த எண் எந்த இடம் என்று அக்கா டீச்சருக்குச் சுருக்கமாகச் சொன்னாள். ஏழு எங்கே என்று டீச்சர் கேட்டாள்.

“தெரியாதும்மா. ஓட்டுறது நீங்கதானே” என்றார் அத்தான்.

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு வண்டியை எடுத்தாள். தெரு முனையில் நாங்கள் எப்போதும் திரும்பும் பக்கத்தை விட்டுவிட்டு மறுபக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் எங்களுக்கு ஒரு வேலையும் இருந்ததில்லை. நீளமான ஒரு மதில் வந்தது, மரக்கடை ஒன்று, பிறகு வெட்டவெளி. சாயங்கால வெளிச்சம் வண்டிக்குள் தண்ணீர் போல வந்து நின்றது. அத்தான் நேரே மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். இடப்பக்கம் ஒரு அம்மா துணி எடுக்கிறாள், வலப்பக்கம் இரண்டு குதிரை நிற்கிறது என்று அக்கா பின்னாலிருந்து ஓரங்களைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

சாலை ஒரு ஏரிக்கரையில் போய் முடிந்தது. தான் நீந்தக் கற்றுக்கொண்ட இடம் என்றாள் டீச்சர். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள்.

டிங்.

அத்தான் சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். பிறகு திரும்பாமலே என்னிடம் சொன்னார்.

“மாப்ள, பாப்பாவுக்கு போன் போடு. ஏழு கட்டியாச்சுன்னு சொல்லு.”