ரப்பர் போட்டு அழித்த ஏலக் கேட்டலாக்

கோயம்புத்தூர் உக்கடத்துப் பழைய புத்தகக் கடைக்காரர் இன்று எனக்காக ஒன்று எடுத்து வைத்திருந்தார். 1930களில் லண்டனில் நடந்த ஒரு நாணய ஏலத்தின் கேட்டலாக்; ஏலத்துக்கு வந்த காசுகளின் அச்சுப் பட்டியல்.

பழைய காசு வாங்க எனக்கு வசதியில்லை. அதனால் கேட்டலாக் சேர்க்கிறேன்.

"பூராப் பென்சில் கிறுக்கலுங்க அம்மணி. நானே உக்காந்து ரப்பர் போட்டு அழிச்சுப்போட்டேனுங்க" என்றார் பெருமையாக.

எந்தக் காசு என்ன விலைக்குப் போனது, யார் எடுத்தார் என்று ஏலத்துக்கு வந்தவர் ஓரத்தில் குறித்து வைப்பார். கேட்டலாக்குக்கு மதிப்பே அந்தக் கிறுக்கல்தான்.

மனசு கேட்காமல் வாசலுக்கு வந்து, பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். பென்சில் அழுந்திய தடம் வரிவரியாக எழுந்து வந்தது.

ஒரு ரோமானியத் தங்கக் காசுக்கு மட்டும், குறித்தவர் தான் கேட்ட விலையை மூன்று தடவை அடித்து ஏற்றி எழுதியிருக்கிறார். மூன்றாவதில் தாளே கிழிந்திருந்தது. கடைசியில் எடுத்ததாகக் குறித்திருந்தது வேறொருவர் பெயரை.

காசு கிடைத்த இடம் அச்சில் இருந்தது: கோயம்புத்தூர் ஜில்லா.

தொண்ணூறு வருஷத்துக்கு முந்தின ஒரு மனுஷனின் ஏமாற்றம் என் விரலில் தட்டுப்பட்டது. அதுவும் நம்மூர் மண்ணில் கிடைத்த காசுக்காக.

கடைக்காரரும் தடவிப் பார்த்தார்.

"ஏனுங்க, அழிச்ச கூலின்னு இருவது ரூபா சேர்த்துச் சொல்லிப்போட்டேன். அதைக் கழிச்சுக்குங்க."

கழிக்காமல்தான் கொடுத்தேன். அழுத்தித் தேய்க்காமல் விட்டாரே, அதற்கு. நீங்களாக இருந்தால்?