பட்டாவில் இருப்பவர்

ஆண்டுத் தணிக்கை அறிக்கை வந்துவிட்டால் எனக்கு மூன்று நாளைக்குச் சோறு இறங்காது. கொல்லிமலையில் ஓர் ஊராட்சிக்கு நான் செயலராக இருந்த காலம். செயலர் என்று யாரும் சொல்வதில்லை, கிளார்க்குதான். தினமும் காலையில் சேந்தமங்கலத்தில் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு வயிற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போய்ச் சேருவேன்.

தணிக்கையில் கண்டுபிடிக்கும் ஒவ்வொரு குறைக்கும் ஒரு பாரா எழுதுவார்கள். ஒவ்வொரு பாராவுக்கும் மன்றம் கூடிப் பேசி ஒரு பதில் அனுப்ப வேண்டும். குழாய் வாங்கிய பில்லில் கையெழுத்து இல்லை, தெருவிளக்குப் பதிவேட்டில் தேதி இல்லை என்பதெல்லாம் வருடா வருடம் வருகிற சமாச்சாரம். 'இனி இவ்வாறு நிகழாது' என்று எழுதி எழுதி என் கை அதற்குப் பழகிவிட்டது. அந்த வருடம் ஒன்பதாவது பாராவில்தான் மாட்டிக்கொண்டேன். ஒரே நபரின் பட்டா நிலத்தில் இரண்டு அரசு வீடுகள் கட்டப்பட்டது எப்படி என்று கேட்டிருந்தார்கள்.

அந்த ஒரே நபர் இரண்டு பேர். அண்ணன், தம்பி. மூத்தவனுக்குக் குலசாமி பெயரை வைத்துவிட்டார்கள். அடுத்தவன் பிறந்தான் என்பதற்காகச் சாமியை மாற்ற முடியுமா? அவனுக்கும் அதே பெயர். பெரியவன், சின்னவன் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். முன்னொரு காலத்தில் பட்டா கொடுக்க அதிகாரிகள் வந்தபோது, பையன்கள் பேருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார் இவர்களுடைய அப்பா. பெயர் என்ன என்று கேட்டதற்கு ஒரு தடவை சொன்னார். ஒரே பெயரை எதற்கு இரண்டு தடவை சொல்வது? அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். காகிதத்தில் இருப்பது தன் பெயர் என்று அண்ணனும் நினைத்தார், தம்பியும் நினைத்தார். இருவரும் நினைத்தது சரிதான். நடுவில் வரப்புகூடப் போடாமல் மரவள்ளியும் மிளகும் வைத்துப் பிழைத்தார்கள்.

கெடுத்தவன் நான். வீட்டுத் திட்டத்துக்கு இருவரும் எழுதிக் கொடுத்தபோது அந்தப் பட்டாவை இரண்டு நகல் எடுத்து இரண்டு ஃபைலிலும் வைத்தேன். பெயர் பொருந்தியது, அப்பா பெயர் பொருந்தியது. அதற்குமேல் பார்க்க என் மண்டைக்கு எட்டவில்லை. அண்ணன் வீட்டை முடித்துக் குடிபோய்விட்டார். தம்பியின் வீடு கூரை இல்லாமல், சன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தோடு நின்றது. பாரா வந்ததும் அவருக்குரிய அடுத்த தவணைப் பணத்தையும் நிறுத்திவிட்டார்கள்.

மன்றம் கூடியது. உறுப்பினர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். அண்ணனும் தம்பியும் கதவோரத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் மலைக்காரப் பெண்மணி, வாய் கொஞ்சம் கறார்.

"ஏனுங்க கிளார்க்கு, ரெண்டு ஆளுதான்னு எழுதி அனுப்புங்க. நாங்க அத்தன பேரும் கையெழுத்துப் போடறோம்."

"ரெண்டு ஆளுன்னு தணிக்கைக்காரங்களுக்கே தெரியுங்கம்மா, ஆதார் இருக்குது. பட்டா ஒருத்தருக்குத்தானே இருக்குது, நெலமே இல்லாத இன்னொருத்தருக்கு எப்படி ஊடு குடுத்தீங்கன்னு கேக்கறாங்க."

"அப்ப இன்னொருத்தர் பேரையும் சேத்துப் போடறது" என்றார் ஓர் உறுப்பினர்.

"இன்னைக்குச் சேத்தா இன்னைக்குத் தேதிதானுங்க விழும். பணம் போன வருசமே குடுத்தாச்சு."

பட்டாக்காரர் இன்னார் என்று சொன்னால் அவருடைய வீடு தப்பிக்கும். மற்றவர் வாங்கிய தவணைகளைத் திருப்பிக் கட்ட வேண்டும். பதிலே சொல்லாவிட்டால் இரண்டு வீட்டுப் பணத்தையும் கேட்பார்கள். இதை அவர்களுக்கு விளக்கி முடித்தேன். கீழே போகும் பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. அந்த அவசரமும் எனக்கு இருந்தது, பொய் சொல்லக்கூடாது. கேட்டுவிட்டேன்.

"பட்டாவுல இருக்கறது உங்கள்ல யாருங்க?"

"நாந்தானுங்க" என்றார்கள் இருவரும், ஒரே நேரத்தில்.

கூடம் முழுக்கச் சிரித்தது. அவர்களும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

"அப்படி எழுத முடியாதுங்க. ஒருத்தருதான்" என்றேன்.

சிரிப்பு நின்றது. அண்ணன் மெதுவாக, "மூத்தவன் நானுங்களே" என்றார். பறித்துக்கொள்ளும் குரல் அல்ல. கேட்டதற்குப் பதில் சொன்னார், அவ்வளவுதான். தம்பி திரும்பி அவரைப் பார்த்தார். அந்த வயது வரைக்கும் அவர்களுக்குள் இப்படியொரு கேள்வி வந்ததில்லை. கொண்டுவந்து போட்டவன் நான். எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடி என்ன செய்ய? தீர்மானப் புத்தகத்தில் பட்டாக்காரர் அண்ணன் என்று எழுதினேன். தலைவர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது பாரா முடித்துவைக்கப்பட்டதாக உத்தரவு வந்தது. பதில் தெளிவாக இருந்ததாக மேலதிகாரி போனில் பாராட்டினார். கூடவே தம்பிக்குப் பணம் திருப்பிக் கட்டச் சொல்லி நோட்டீஸும் வந்தது.

அதை வாங்கிக்கொள்ள அவர் ஆபீசுக்கு வந்தபோது பட்டா நகலையும் கொண்டுவந்திருந்தார். மேஜைமேல் விரித்து, "இதைக் கொஞ்சம் படிங்க சார்" என்றார். படித்தேன்.

"எம்பேருதானுங்களே?"

"ஆமாங்க."

"கீழ இருக்கறது எங்கப்பன் பேருதானுங்களே?"

"ஆமாங்க."

"அப்பறம் நான் எப்படிங்க இதுல இல்லாமப் போனேன்?"

நோட்டீஸ் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்க வேண்டும் என்று விதி. பதிவேட்டைத் திருப்பி வைத்து, கட்டத்தைக் காட்டினேன். பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, அதே பெயரை எழுதினார்.