பிந்தி வந்த குரல்

கண்டக்டர் ஓய்வு பெற்று வந்த புதிதில் வீட்டையும் பேருந்தைப் போலவே நடத்திப் பார்த்தார். வாசலில் நின்ற பூனையைக்கூட "உள்ள போ, உள்ள போ, படியில நிக்காதே" என்று விரட்டினார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சுபாவமே அப்படி. மதியத்துக்கு மேல் சலவைக் கடைக்கு இஸ்திரி போடப் போவாள். அங்கே மற்றப் பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, இவள் சட்டைக் காலரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பாள். கடைக்காரர் அவளைப் பற்றி, "நம்ம அம்மாவை விட இஸ்திரிப் பெட்டி அதிகம் பேசும்" என்பார்.

கண்டக்டருக்கு வழி காட்டியது வானொலிதான். காலை பத்து மணிக்குப் பொது வானொலியில் ஒரு நிகழ்ச்சி வரும். அன்றைக்கு எந்த விஷயம் ஊரில் அடிபடுகிறதோ அதை எடுத்துக்கொள்வார்கள். தண்ணீர் வராத தெரு, கட்டண உயர்வு, ஆள் இல்லாத மருத்துவமனை, தேர்தல் வாக்குறுதி. நேயர்கள் வீட்டிலிருந்தே போன் செய்து பேசலாம். ஒரு நாள் பேருந்துக் கட்டணம் பற்றிப் பேச்சு நடந்தபோது, கண்டக்டர் பொறுக்க முடியாமல் எண்ணைச் சுழற்றிவிட்டார். அதோடு சரி. பிறகு பத்து மணிக்கு அவர் வீட்டில் வேறு யாரும் போனைத் தொட முடியாது. டிக்கெட் கிழித்த கை இப்போது அரசாங்கத்தைக் கிழிக்கிறது என்று தெருவில் சொல்லிச் சிரித்தார்கள். அவருக்கு அதில் பெருமைதான்.

போனில் பேசும்போது பக்கத்தில் வானொலி பாடக் கூடாது. நிலையத்தில் போன் எடுக்கிற பெண் எடுத்த எடுப்பிலேயே அதைத்தான் சொல்வாள். "வணக்கம் கண்டக்டர் ஐயா. ரேடியோவைக் குறைச்சிட்டீங்களா?" காரணம் இருந்தது. பேசுகிற பேச்சு உடனே வானொலியில் வராது, சற்றுப் பிந்தித்தான் வரும். யாராவது ஏடாகூடமாக எதையாவது சொல்லிவிட்டால் வெட்டி எறிய அவர்களுக்கு அந்த இடைவெளி வேண்டும். பேசுகிறவர் காதில் தன் குரலே பின்னால் வந்து விழுந்தால் பேச்சு குளறிப் போகும்.

கண்டக்டர் அதற்கும் ஒரு ஏற்பாடு செய்தார். வானொலிப் பெட்டி அடுப்படிக்குப் போனது. போன் முன்னறையில் இருந்தது. நடுவில் கனமான கதவு. பத்து மணி ஆனதும், "இந்தா, கதவைச் சாத்து" என்பார். அவளைக் கூப்பிட அவர் வைத்திருந்த பெயரே அதுதான். கல்யாணமான நாளிலிருந்து "இந்தா". 

அவள் கதவைச் சாத்திக்கொண்டு காய் நறுக்கியபடியே கேட்பாள். முதலில் கதவுக்கு அப்பால் அவர் முணுமுணுப்பது போலக் கேட்கும். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு கழித்து அதே பேச்சு அடுப்படியில் தெளிவாக வரும். அந்த இரண்டாவது குரலைத்தான் அவளுக்குப் பிடிக்கும். வீட்டுக்குள் "இந்தா" என்கிற மனிதர் வானொலியில், "என் வீட்டம்மா ஒண்ணு சொல்வாங்க" என்று மரியாதையாகப் பேசுவார். முந்தின இரவு சாப்பாட்டின்போது அவள் வாய் தவறிச் சொன்ன ஏதாவது ஒன்று ஊர் முழுக்கக் கேட்கும். "நிழல் இல்லாத பஸ் ஸ்டாப்பை வரைஞ்சவரு என்னைக்காவது பஸ்ஸுக்கு நின்னிருப்பாரான்னு எங்க வீட்டம்மா கேக்கிறாங்க." கத்தியைக் கீழே வைத்துவிட்டு அவள் அடுப்பைப் பார்த்துச் சிரித்துக்கொள்வாள்.

அவர் போன காலையிலும் கதவு சாத்தித்தான் இருந்தது. முதியோர் உதவித்தொகைக்கு மணிக்கணக்கில் வரிசையில் நிற்க வைப்பது பற்றிப் பேச்சு. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் தொப்பென்று ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. கை நின்றது. ஆனால் வானொலியில் அவர் குரல் நிற்கவில்லை. "நிக்கிற காலைப் பத்தி நாற்காலியில உக்காந்திருக்கிறவருக்கு என்ன தெரியும் சொல்லுங்க" என்று கணீரென்று கேட்டுக்கொண்டிருந்தார். பேசும்போது கையை வீசுகிற ஆள், முக்காலியைத் தட்டிவிட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். அதை உரித்து முடிக்குமுன் குரல் பாதி வாக்கியத்தில் நின்றது. "இணைப்பு போயிடுச்சு போல. அடுத்த நேயர் யாருன்னு பார்ப்போம்" என்றார் நிகழ்ச்சி நடத்துகிறவர். அவள் கையைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

அவர் தரையில் கிடந்தார். போன் ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தது.

உடனே பார்த்திருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார். அதை அவள் நம்பினாள். அவளை அரித்தது வேறு. அந்த இடைவெளியில், வானொலி அவரை உயிரோடு பேச வைத்துக்கொண்டிருந்த அந்த நேரத்தில், அவர் அவளைக் கூப்பிட்டாரா? கூப்பிட்டிருந்தால் கதவு அதை விழுங்கியிருக்கும். பேசிக்கொண்டிருந்த குரலை நம்பி, கூப்பிட்ட குரலை விட்டுவிட்டாளா? 

அதற்குப் பிறகு அவளுக்கு எந்தச் சத்தமும் ஒரு தடவையோடு முடியவில்லை. சலவைக் கடையில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால், அதே சத்தம் மறுபடி வரும் என்று காது காத்துக்கொண்டிருக்கும். தெருவில் யாராவது கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இதற்குப் பின்னால் வருவதுதான் நிஜக் குரல் என்பது போல நிற்பாள். பத்து மணி ஆனால் கால் தானாக எழுந்து போய் அடுப்படிக் கதவைச் சாத்தியது. சாத்திவிட்டு வானொலியைப் போடுவாள். யார் யாரோ பேசுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு கேட்கும். திறந்து பார்த்தால் நாற்காலி, போன், ஜன்னல். மறுபடி சாத்தினால் மறுபடி கேட்கும்.

"அந்தப் பெட்டியைத் தூக்கி எங்கயாவது போடும்மா" என்றாள் மகள். பக்கத்துத் தெருவில் குடியிருந்த அவள் தினமும் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்ப்பாள்.

"அது பாட்டுக்குப் பேசிட்டிருக்கு. உன்னை என்ன பண்ணுது?"

"என்னை ஒண்ணும் பண்ணல. உன்னைத்தான் பண்ணுது. கண்ணாடியில மூஞ்சியைப் பாரு."

சில மாதம் இப்படியே போனது. ஒரு காலையில் முன்னறைப் போன் அடித்தது. அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எடுத்தாள்.

"கண்டக்டர் ஐயா வீடுங்களா? நான் ரேடியோவில போன் எடுக்கிறவ பேசறேன்." கொஞ்சம் தயங்கினாள். "பழைய பதிவையெல்லாம் இந்த வாரத்தோட அழிச்சிடுவாங்கக்கா. அன்னைக்கு ஐயா பேசினது போன் லைன்ல முழுசா பதிவாகியிருக்கு. ரேடியோவில வராததும் இருக்கு. உங்களைக் கேக்காம அழிக்க மனசு வரல."

அவள் அடுப்படிக் கதவைப் பார்த்தாள். போனை வைக்கவில்லை.

"வரேன்" என்றாள் கடைசியில்.

மகளுக்குக் கோபம் வந்தது. "எதுக்கும்மா? கேட்டு என்ன ஆகப் போகுது?"

"என்னைக் கூப்பிட்டாரான்னு தெரியணும்."

"கூப்பிட்டிருந்தா என்ன செய்வ?"

அவள் புடவை மடிப்பைச் சரி செய்தாள்.

"சரி, கூப்பிடலைன்னா?"

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். மகள் வாசல்வரை வந்து குடையைக் கொடுத்துவிட்டு, "நான் வரமாட்டேன். அந்த இடத்தைப் பார்த்தாலே எனக்கு ஆகாது" என்றாள்.

வானொலி நிலையம் அவள் நினைத்தது போல இல்லை. நீளமான நடை, பெயின்ட் உரிந்த கதவுகள். போன் எடுக்கிற பெண் இருந்த அறை அவளுடைய அடுப்படியை விடச் சின்னது. சுவர் முழுக்கத் தடித்த துணி ஒட்டியிருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தியதும், காதைப் பஞ்சு வைத்து அடைத்தது போல ஆனது. மேசைமேல், அழைப்பு வந்தால் மணிக்குப் பதில் விளக்கு எரிகிற போன். பக்கத்தில் ஆறிப்போன டீ. 

அந்தப் பெண் எழுந்து தன் நாற்காலியைக் கொடுத்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். துடைத்ததையே மறுபடி துடைத்தாள்.

"உங்க குரலை நான் ஒரே ஒரு தடவைதான்க்கா கேட்டிருக்கேன்" என்றாள்.

"நான் பேசினதே இல்லையேம்மா. நேத்து போன்ல பேசினோமே, அதைச் சொல்றியா?"

"அது இல்லைக்கா. அதுக்கு முன்னாடி." பெண் அதற்கு மேல் விளக்கவில்லை. "முதல்ல என் தப்பைச் சொல்லிடறேன். பேசிட்டிருக்கிறவங்க நடுவில மூஞ்சியைத் திருப்பி வீட்டு ஆளுங்ககிட்ட ஏதாவது சொல்வாங்க. பால் பொங்குது, கதவைத் திறன்னு. அப்போ அவங்க குரலை மட்டும் கீழ இறக்கிடுவோம். அன்னைக்கு ஐயா அப்படித்தான் மூஞ்சியைத் திருப்பினாரு. கை பழக்கத்துல இறக்கிட்டேன். லைனை மட்டும் வெட்டல. அவர் பழைய ஆளு, நிகழ்ச்சி முடிஞ்சதும் நன்றி சொல்லிட்டு வைக்கலாம்னு விட்டிருந்தேன். அடுத்தவங்க போனை எடுக்கப் போயிட்டேன். சாயங்காலம்தான் கேட்டுப் பார்த்தேன்."

"போடும்மா."

காதில் மாட்டிக்கொள்ள ஒன்றைக் கொடுத்தாள். கண்டக்டர் காதுக்குள்ளேயே பேசினார். நிக்கிற காலைப் பற்றிய அதே வாக்கியம். அடுத்த வாக்கியத்தைப் பாதியில் விட்டு ஒரு மூச்சு. வாய் போனிலிருந்து விலகியது.

"இந்தா."

சத்தம் போட்டுக் கூப்பிடவில்லை. தண்ணீர் கேட்கும்போது கூப்பிடுவாரே, அப்படி. நாற்காலி நகர்ந்தது. தொப்பென்று விழுந்தது. போன் சுவரில் மோதி ஆடுகிற சத்தம். 

அதற்குப் பிறகுதான் அது கேட்டது. எங்கேயோ தூரத்தில், கனமான மரத்துக்கு அப்பாலிருந்து, மெல்லிசாக அவருடைய குரலே கேட்டது. அடுப்படி வானொலி. விழுந்து கிடந்தவரின் பக்கத்தில் அவரே நாற்காலியில உக்காந்திருக்கிறவரைத் திட்டிக்கொண்டிருந்தார். குரல் நின்றது. வேறு யாரோ பேசினார்கள். தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்தது. செருப்பில்லாத காலடி. ஒரு பெண் குரல், அவளுக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு விளையாட்டாக, கேலியாக, செல்லமாகச் சொன்னது:

"என்னங்க, பாதி வழியிலயே இறக்கி விட்டுட்டாங்களா?"

அவள் காதில் இருந்ததைக் கழற்றினாள். அப்படிச் சொல்லிக்கொண்டே கதவைத் திறந்தோம் என்பது அவளுக்கு நினைவில்லாமலே போயிருந்தது. கல்யாணமான இத்தனை காலத்தில் அவள் அவரைக் கேலி செய்தது அந்த ஒரு தடவைதான். 

போன் எடுக்கிற பெண் டீயைத் தள்ளி வைத்தாள். "இன்னொரு தடவை போடட்டுமாக்கா?"

"வேண்டாம்மா. கேட்டுட்டேன்."

"எடுத்துட்டுப் போறீங்களா? பதிவு பண்ணித் தர்றேன்."

"அழிச்சிடு." எழுந்தவள் கதவருகே நின்றாள். "உன் மேல தப்பு இல்லை. அவர்தான் சத்தமாக் கூப்பிட்டிருக்கணும். பஸ்ல அப்படிக் கத்துவாரு."

பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் தச்சன் வந்தான். அடுப்படிக் கதவைக் கழற்ற வேண்டும் என்று கேட்டதும் தட்டிப் பார்த்தான். "இந்தக் காலத்துல இப்படி ஒரு மரம் கிடைக்குமா? நல்ல கதவும்மா. எதுக்குக் கழட்டணும்? கரகரன்னு சத்தம் போடுதா?"

"சத்தம் போடல. அதான்."

தச்சன் ஒரு முறை அவளைப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு கேட்காமல் திருகாணியைக் கழற்றினான். கதவைப் பின்புறச் சுவரில் சாய்த்து வைத்தான். அடுப்படிக்கும் முன்னறைக்கும் நடுவே வெறும் நிலை மட்டும் நின்றது. போகும்போது, "இனி புகையெல்லாம் முன்னாடி வரும், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பத்து மணிக்கு அவள் வானொலியைப் போட்டாள். உட்கார்ந்த இடத்திலிருந்தே நாற்காலியும் போனும் தெரிந்தன. முணுமுணுப்பு ஏதும் இல்லை. பள்ளிக்கூடக் கட்டணம் பற்றிப் பேச்சு. ஒரு வாத்தியார் பேசினார், ஒரு தாய் பேசினாள். பிறகு ஒரு வயதானவர் வந்தார். மூச்சிரைக்கப் பேசினார். பாதி வாக்கியத்தில் குரல் நின்றது.

அவள் கையிலிருந்த கரண்டி விழுந்தது எப்போது, தான் எழுந்தது எப்போது என்று அவளுக்கே தெரியாது. முன்னறையில், காலி நாற்காலியின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். தரையைப் பார்த்தாள்.

"வந்துட்டேங்க" என்றாள்.

பின்னால் அடுப்படியில் அந்த வயதானவர் இருமி, தொண்டையைச் செருமிக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்கினார். அவள் திரும்பவில்லை. நாற்காலியின் முதுகில் கையை வைத்தபடி, அவர் பேசி முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.